14 மைக்ரோனில் ஒரு படி: ஸ்பிட்சரோடு ஏழு வருடம்

கரண்ட் போய் வந்ததில் லப்டொப் கருகிப்போனது. திருத்தி எடுத்ததும் முதல் வேலையாக, ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைமானியான ஐஆர்எஸ் எடுத்த நிறமாலைகளைத் திரும்ப இறக்கினேன். பார்த்துக்கொண்டிருந்த திருநெல்வேலித் தம்பி கேட்டான்: "அண்ணை, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகும் ஏன் இந்தப் பழசோட மினக்கெடுறீங்கள்?"

என் கோபம் 14 மைக்ரோன் அலைநீளத்தோடுதான். விண்மீன் மண்டலங்களின் நடுவில் கருந்துளையைச் சுற்றிக் கிடக்கும் தூசின் நிறமாலை அந்த இடத்தில் திடீரென்று ஒரு படி ஏறும். காரணம் தெரிந்ததுதான்: அதற்குக் கீழான அலைநீளங்களை எடுக்கும், ஒளி நுழையும் பிளவின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 3.6 வில்செக்கன் (ஒரு பாகையின் 3600 இல் ஒரு பங்குதான் ஒரு வில்செக்கன்), மேலே எடுப்பது 10.6. நமக்கு வேண்டிய தூசு வளையமோ சில பார்செக் (ஒரு பார்செக் மூன்றேகால் ஒளியாண்டு), அவ்வளவு தூரத்தில் இந்தப் பிளவுகளை விட மிகச் சிறியது. அகன்ற பிளவு அயலில் நட்சத்திரம் பிறக்கும் இடங்களின் தூசையும் சேர்த்து அள்ளி வரும்.

சரி, ஒரு பக்கத்தைப் பெருக்கிப் பொருத்தலாம். ஆனால் தூசு சீராகப் பரவியதா, முகில் முகிலாகக் கிடக்கிறதா என்று அறிய, 9.7 மைக்ரோனிலும் 18 இலும் சிலிக்கேற்று (மணல் போன்ற கனிமத் தூசு) காட்டும் பள்ளத்தின் அல்லது மேட்டின் பலத்தை ஒப்பிட வேண்டும். தையல் விழுந்திருப்பது இரண்டுக்கும் நடுவில்! பெருக்கும் எண்ணைக் கொஞ்சம் அசைத்தால் விடையும் ஆடும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஒரே ஒரு விண்மீன் மண்டலத்தை ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7.7 இலும் 11.3 இலும் பிஏஎச் எனப்படும் கரிம மூலக்கூறுகளின் ஒளி எழும்பி, நடுவில் இல்லாத பள்ளத்தைக் காட்டுவது கருவியின் பிழையல்ல. கோபத்தில் அதற்கும் சேர்த்துத் திட்டியிருக்கிறேன்.

ஆனாலும் 2005 இல் குவேசார்களில் (கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மண்டலக் கருக்களில்) 9.7 பள்ளமாக இல்லாமல் மேடாக எழுவதைக் காட்டியது இதே கருவிதான். வளையத்தின் சூடான உட்புறம் நேராகத் தெரிந்தால் அப்படித்தான் எழ வேண்டும். என் திரையில் முதல் மேடு வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கவிழ்த்த சட்டி மாதிரிக் கிடக்கு" என்றா.

2009 மே மாதம் குளிர்விக்கும் ஹீலியம் தீர்ந்து கருவி ஓய்ந்தது. அந்த மாதம் இங்கே யார் வானத்தைப் பார்த்தோம்? லப்டொப்பைப் போலத் திருத்தவும் வழியில்லை.

வெப்பின் 6.5 மீற்றர் ஆடிக்கு முன்னால் இதன் 85 சென்ரிமீற்றர் எம்மாத்திரம்? வெப் மண்டலத்தின் கருவைத் தனியாகப் பிரித்துத் தரும். ஆனால் அதன் நிறமாலை 28 மைக்ரோனோடு நின்றுவிடும், இது 38 வரை போகும். 18 இன் மேட்டை அளக்க அந்தப் பக்கத்தில் கால் ஊன்ற இடம் வேண்டாமா?

தம்பிக்கு வெப்பையே எடு என்றுதான் சொன்னேன். இதைத் தொடாதே, விசர் பிடிக்கும்.

நேற்றைய கோப்பில் பெருக்கும் எண் 1.17 ஆ, 1.21 ஆ என்று இன்னும் முடிவாகவில்லை. கரண்ட் போகாமல் இருந்தால் இன்றிரவு பார்க்கலாம்.