பதவிப் பெயரா, தெரிந்த வேலையா? கணக்குப் பிரிவில் வேலை தேடுவோருக்கு

கணக்குப் பிரிவில் வேலை தேடுபவர், இணையதளத்தில் 'அக்கவுண்டன்ட்' என்று பதவிப் பெயரைக் கொடுத்துத் தேடலாம். அல்லது டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வருமான வரியைப் பிடித்தம் செய்வது) என்று தமக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்துத் தேடலாம்.

பதவிப் பெயரால் தேடினால் சம்பளத்தையும் அனுபவ ஆண்டுகளையும் ஒப்பிடுவது எளிது. அரசுப் பணிக்கு அந்த வழிதான் பொருந்தும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகள் பதவிவாரியாகவே கல்வித் தகுதியை வரையறுக்கின்றன.

தனியார் துறையில் நிலைமை வேறு. ஒரே வேலைக்கு ஒரு நிறுவனம் 'அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்' என்றும், மற்றொன்று 'ஃபைனான்ஸ் அசோசியேட்' என்றும் விளம்பரம் தருகிறது. மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்து, விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும், 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, விடுபட்ட பில்லுக்காக விற்றவரைத் தொலைபேசியில் விரட்டி, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் சுருக்கப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி முடித்துப் பழகியவருக்குத் திருப்பூர் பனியன் நிறுவனத்திலும் சிவகாசி அச்சகத்திலும் தேவை உண்டு. அவரது பழைய அலுவலகம் அவரை 'அலுவலக உதவியாளர்' என்றே பதிவுசெய்திருந்தால், பதவிப் பெயரை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த உழைப்பு எதுவும் படாது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஆகவே, தனியார் வேலைக்கு முதலில் திறனைக் கொண்டு தேடுவதே சரி என்பேன். கிடைக்கும் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் பதவிப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த சுற்றில் அந்தப் பெயர்களாலும் தேடலாம். விண்ணப்பத்தில் பழைய பதவிப் பெயரை மாற்றாமல், அதன் கீழேயே செய்த வேலையை விவரமாக எழுத வேண்டும்.