டிவி யூனிட்டுக்குள் வயரை ஸ்டேப்ளரால் அடித்துவிட்டுப் போனார்கள்: இன்டீரியர் வேலை கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் டிவி யூனிட், வார்ட்ரோப், சுவர் பேனல் என்று பிளைவுட் வேலை செய்து, அதற்குள் லைட்டும் பிளக் பாயிண்ட்டும் வைத்திருக்கிறீர்களா? உள்ளே ஓடும் வயரை எதை வைத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று வேலை செய்தவரிடம் இன்றே கேளுங்கள். "கன் டேக்கர்ல அடிச்சிருக்கோம் சார்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு படியுங்கள். பேனல் இன்னும் மூடவில்லை என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கன் டேக்கரைப் பார்த்திருப்பீர்கள். சோபாவுக்கு ரெக்ஸின் இழுத்துப் பிடிக்கவும், குஷனுக்கு அடியில் துணி அடிக்கவும் கார்பெண்டர்கள் கையில் வைத்திருக்கும் இரும்பு ஸ்டேப்ளர். கைப்பிடியை அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு, பின் 'டப்' என்று மரத்துக்குள் இறங்கும். அந்த வேலைக்கு அருமையான கருவி. எங்கள் வீட்டில் அதை 230 வோல்ட் வயர் மேல் அடித்திருக்கிறார்கள்.

நாங்கள் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம், தரைத்தளம். கோடையில் ஹாலில் டிவி யூனிட், அதன் இரு பக்கமும் பேனல், பின்னால் ஸ்டிரிப் லைட், கீழே பிளக் பாயிண்ட்டுகள், மோடத்துக்கு ஒரு லேன் லைன் என்று ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டரிடம் மொத்தமாகக் கொடுத்தோம். பெயர் இங்கே வேண்டாம், பிரச்சினை இன்னும் முடியவில்லை. கொட்டேஷனில் வயரிங்குக்குத் தனி வரி இருந்தது: "வயரிங், பிவிசி பைப் மற்றும் கேசிங் உட்பட, 18,500 ரூபாய்". அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பைப் ஒரு அடிகூட உள்ளே போகவில்லை என்பது மழை வந்த பிறகுதான் தெரிந்தது. பகலில் வயரை ஓட்டி, நாங்கள் ஆபீஸிலிருந்து வருவதற்குள் பேனலை மூடி, மேலே லேமினேட்டும் ஒட்டிவிடுவார்கள். வெளியே பார்க்க வேலை அழகுதான். அதில் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் சந்தேகம் வந்தது இன்டர்நெட்டில். மோடத்துக்குப் பக்கத்தில் வைஃபையில் நல்ல வேகம், லேன் வயரில் இணைத்த டிவி பெட்டியில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. இன்டர்நெட் கம்பெனிப் பையன் வந்து பார்த்துவிட்டு, "உள்ள எங்கயோ கேபிள் நசுங்கியிருக்கு சார்" என்றான். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி கம்பி. 100க்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒன்று அறுந்தால், கருவிகள் இரண்டும் பெரும்பாலும் தாமாகவே 100க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். வெளியே பார்ப்பவருக்கு நெட் வேலை செய்வது போலத்தான் இருக்கும். கான்ட்ராக்டரிடம் சொன்னபோது, "அது உங்க பிளான் பிரச்சினை சார், கஸ்டமர் கேர்ல பேசுங்க" என்று முடித்துக்கொண்டார்.

அக்டோபரில் மழை பிடித்தது. ஹாலின் அந்தச் சுவரில் லேசாக ஓதம் வரும், பழைய கதை. இந்த முறை ஓதத்தோடு ஆர்சிசிபியும் விழ ஆரம்பித்தது. டிபி பாக்ஸில், அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில், ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்சிபி சுவிட்சுகளுக்கு முன்னால் அகலமாக, டெஸ்ட் பட்டனோடு இருக்குமே, அதுதான். நம் ஊரில் பலரும் இஎல்சிபி, டிரிப்பர் என்பார்கள். ராத்திரி ஃபேன் நின்று குழந்தை எழுந்து அழும். போய்த் தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், கீசர் போட்டால் மறுபடி விழும்.

கான்ட்ராக்டர் ஒரு எலக்ட்ரீசியனை அனுப்பினார். அவர் செய்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே சோதனையைக் காட்டி உங்களையும் வாயடைக்க வைப்பார்கள். டிவி யூனிட் லைனுடைய எம்சிபியை ஆஃப் செய்தார். "பாருங்க சார், எங்க லைனே இப்ப இல்ல." கீசரைப் போட்டார். ஆர்சிசிபி விழுந்தது. "எங்க வேலையில பிரச்சினை இருந்தா இப்ப விழக் கூடாதுல்ல? உங்க ஆர்சிசிபி பழசாயிடுச்சு. சும்மா சும்மா விழும். அதைத் தூக்கிட்டு ஒரு ஐசோலேட்டர் போட்டுக்குங்க, நிம்மதியா இருக்கலாம்." ஐசோலேட்டர் என்பது கசிவைக் கண்டுகொள்ளாத வெறும் மெயின் சுவிட்ச். இந்த யோசனைக்கு விசிட்டிங் சார்ஜ் வேறு வாங்கிக்கொண்டார். கான்ட்ராக்டரும் போனில் அதையே சொன்னார்: "நம்ம ஆளு டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டாரே சார், இன்னும் என்ன?"

ஆர்சிசிபியைத் தூக்கச் சொல்லும் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். எம்சிபி விழுவது ஷார்ட் ஆனாலோ லோடு மீறினாலோதான். மனித உடம்பு வழியாகக் கரண்ட் மண்ணுக்கு இறங்கினால் அது கண்டுகொள்ளாது, ஏனென்றால் ஆளைக் கொல்லப் போதுமான கரண்ட் எம்சிபிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆர்சிசிபி போகிற கரண்ட்டையும் திரும்பி வருகிற கரண்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம், துண்டித்துவிடும். வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவை எட்டும் முன்பே, 15ஐத் தாண்டினாலே விழலாம். எங்கள் வீட்டில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் கழற்றச் சொன்னார்கள்.

பக்கத்துத் தெருவில் வொயர்மேன் சான்றோடு நெடுங்காலமாக வேலை செய்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டோம். நடந்ததைச் சொன்னதும், "எம்சிபிய மட்டும் ஆஃப் பண்ணிக் காட்டுனானா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நம்ம வீட்டு எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் அப்படியே லிங்க்ல உக்காந்திருக்கும்." மெயினை ஆஃப் செய்து, டிவி யூனிட் லைனின் நியூட்ரலை, எல்லா லைன் நியூட்ரலும் வந்து சேரும் அந்த லிங்க் பட்டையிலிருந்து கழற்றித் தனியாக விட்டார். மெயினை ஆன் செய்து கீசரைப் போடச் சொன்னார். நின்றது. அயர்ன் பாக்ஸும் சேர்த்துப் போட்டோம். அப்போதும் நின்றது. அந்த நியூட்ரல் உள்ளே எங்கேயோ எர்த் வயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டில் எங்கே பெரிய லோடு போட்டாலும் திரும்பும் கரண்ட்டில் கொஞ்சம் அந்த வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது. கணக்கு இடிக்கவே ஆர்சிசிபி விழுகிறது. இவ்வளவுதான் விஷயம். வந்த எலக்ட்ரீசியனுக்கு இது தெரியாதா, தெரிந்தே செய்தாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டில் எதுவானாலும் அவர் வயரைத் தொடக் கூடாத ஆள்.

பிறகு மெக்கர் வைத்துப் பார்த்தார். லைட் டிரைவர், டிவி, மோடம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வயரில் 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கும் கருவி. குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், புது வயரென்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். எங்களுடையது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அரை மெகாவைக்கூடத் தொடவில்லை. போட்டு ஒரு வருடம்கூட ஆகாத வயர்.

பேனலைப் பிரித்தோம். லேமினேட் போனது போனதுதான்.

உள்ளே ஃபேஸ், நியூட்ரல், எர்த், ஸ்டிரிப் லைட்டின் மெல்லிய வயர், லேன் கேபிள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, பின்பலகையில் வரிசையாகப் பின் அடித்துப் போயிருந்தார்கள். கரண்ட் வயரையும் லேன் கேபிளையும் ஒரே பின்னுக்குள் கட்டக் கூடாது என்பதெல்லாம் அவர்கள் அகராதியிலேயே இல்லை. ஒரு இடத்தில் பின்னின் தட்டையான தலை நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து அமுக்கி, இரண்டின் மேலுறையையும் வெட்டியிருந்தது. லேன் கேபிள் வளைவில் பின் நேராக நடுவில் இறங்கியிருந்தது. மோசமான இடம் சுவரை ஒட்டிக் கீழே. அண்ணன் டேப் வைத்து அளந்து காட்டினார்: பின்னின் கால் 10 மில்லிமீட்டர், வயர் தடிமன் 3, பலகை 6. கால் நுனி பலகைக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு சுவரைத் தொட்டிருக்கிறது. அதே கால் போகிற வழியில் ஃபேஸ் வயரின் உறையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. கோடையில் சுவர் காய்ந்திருந்தவரை சத்தமில்லை. சுவர் நனைந்ததும் அந்தப் பின் வழியாகவே கரண்ட் சுவருக்குக் கசிந்திருக்கிறது. பின் துருப்பிடித்து, சுற்றிப் பலகை கறுத்துக் கிடந்தது. குழந்தை சாய்ந்து உட்கார்ந்து விளையாடும் சுவர் அது.

1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரின் பிவிசி உறை ஒரு மில்லிமீட்டர்கூட வராது. கன் டேக்கர் பின்னுக்குத் தலை தட்டை, விளிம்பு கூர்மை. ஸ்பிரிங் அடிக்கும் வேகத்துக்கு வயர் வந்ததும் நின்றுவிடத் தெரியாது. அடித்த அன்றைக்கு உறை கிழியாவிட்டாலும், அமுங்கிய பிவிசி சூட்டிலும் அழுத்தத்திலும் மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொடுத்து மெலிந்துகொண்டே போகும். ஓதத்தில் பிளைவுட் உப்பினால் பிடி இன்னும் இறுகும். அதனால்தான் போட்டுக் காட்டும்போது எல்லாம் எரிகிறது, மாதங்கள் கழித்து வம்பு வருகிறது. அதற்குள் கடைசி செக்கும் கொடுத்திருப்போம்.

படங்களை கான்ட்ராக்டருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு அமெரிக்க வீடியோ லிங்க் வந்தது. "ஃபாரின்லயே வயருக்கு ஸ்டேப்பிள்தான் சார் அடிக்கிறான்." உண்மைதான், அங்கே அடிக்கிறார்கள். அங்கே மரச்சட்ட வீடு. மூன்று வயரும் தடித்த ஒரே மேலுறைக்குள் இருக்கும் தட்டை கேபிள். அதற்கென்றே செய்த ஸ்டேப்பிள், பிளாஸ்டிக் தலை வைத்ததும் உண்டு. கேபிள் சேதமாகாதபடி பிடிக்க வேண்டும் என்று விதி. சுவரை மூடும் முன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வோல்டேஜும் 120. பைப்புக்குள் இழுக்க வேண்டிய ஒற்றை வயரை, ரெக்ஸின் பின் வைத்து அடித்துவிட்டு அந்த ஊரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் இவர். கைக்கருவியிலேயே கேபிளுக்கென்று வளைந்த தலைப் பின் அடிக்கும் மாடல்கள் உண்டு, டெலிபோன் வயருக்குப் பரவாயில்லை. கார்பெண்டர் பையில் கிடப்பது பெரும்பாலும் அது இல்லை.

அண்ணன் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பிவிசி பைப்பைச் சேடில் (பைப் பிடிக்கும் கிளிப்) போட்டுப் பிடித்து அதற்குள் புது வயர் இழுத்தார். லேன் கேபிளுக்குத் தனிக் கேசிங் பட்டி, கரண்ட் லைனிலிருந்து தள்ளி. வெளியே தெரியும் ஒன்றிரண்டு மெல்லிய கேபிளுக்கு, ஆணியோடு வரும் வட்டப் பிளாஸ்டிக் கிளிப் போதும் என்றார். கேபிள் தடிமனுக்கு ஏற்ற சைஸ் கேட்டு வாங்கி, சுத்தியலால் தட்ட வேண்டும். இதற்கெல்லாம் அப்படியொன்றும் பெரிய செலவில்லை. நேரம்தான் அதிகம் பிடிக்கிறது, ஸ்டேப்ளர் அடிப்பவர்கள் மிச்சம் பிடிப்பது அதைத்தான்.

வேலை நடக்கும்போது தினமும் சாயங்காலம் பேனல் மூடும் முன் போட்டோ கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், அனுப்ப மறுத்தால் மூட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொட்டேஷனில் பைப், கேசிங் என்று எழுதியிருந்தால் அதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த வரிக்குப் பணம் கொடுங்கள். வயரிங் யார் கையால் நடக்கிறது, அவருக்கு அரசின் மின் உரிமச் சான்று இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கடைசித் தவணைக்கு முன் மெக்கர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், ரீடிங்கைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே மூடிவிட்ட வீடென்றால், ஒரு வொயர்மேனைக் கூப்பிட்டு அந்த லைனை மட்டும் மெக்கர் பார்க்கச் சொன்னால் பேனலைப் பிரிக்காமலே பாதி தெரிந்துவிடும். நீங்களாக ஸ்குரூ டிரைவரை விட்டுப் பின்னை நெம்பிப் பார்க்க வேண்டாம். அந்தப் பின்னிலேயே கரண்ட் இருக்கலாம். டிபி பாக்ஸில் டெஸ்ட் பட்டனோடு எதுவுமே இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான்.

பணத்துக்கு வருகிறேன். "எலக்ட்ரிக்கலுக்கு வாரண்டி இல்லை, ஓதம் உங்க பில்டர் பிரச்சினை" என்று கான்ட்ராக்டர் கையை விரித்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், தமிழிலேயே பேசலாம். கொட்டேஷன், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், பிரித்தபோது எடுத்த படங்கள், மெக்கர் ரீடிங்கோடு அண்ணன் எழுதிக் கொடுத்த தாள், பிடுங்கிய பின்கள் ஒரு கவரில் என எல்லாம் பத்திரமாக இருக்கிறது. எழுத்தில் நோட்டீஸ் போன பிறகு, "வயரிங் காசுல பாதி தர்றேன், போஸ்ட் எதுவும் போடாதீங்க சார்" என்று இறங்கி வந்தார். நான் கேட்பது முழு 18,500, பேனலைத் திரும்பப் போட்ட செலவு, அந்த விசிட்டிங் சார்ஜ். தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பதில் சொல்ல இந்த மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறேன்.