விபத்துக்குப் பிறகு: மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். விபத்து நடந்து பல மாதம் ஆகியிருக்கும், எலும்பும் கூடியிருக்கும். ஆனால் ராத்திரியில் அதே பிரேக் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டு எழுந்துகொள்வார். "பயந்துட்டாருங்க, மந்திரிச்சாச் சரியாப் போயிரும்" என்பார்கள். மனநல மருத்துவம் 1980-லேயே இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. பெயர் பி.டி.எஸ்.டி., அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்தக் கோளாறு. இதற்கு மாத்திரையும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு.

செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை என்றால் தினமும் போட்டுக்கொள்ளலாம், லோடு ஏற்றி வெளிமாநிலம் போகிறவருக்கும் தோதுப்படும். பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். தானாக நிறுத்தக் கூடாது.

பேச்சு சிகிச்சை அப்படி லேசானதல்ல. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில் வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள். நடந்ததைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகாமல் ஒதுங்கிய அந்தச் சாலை வளைவுக்கும் மெல்ல மெல்லப் போய்ப் பழக வேண்டும். ஒதுங்க ஒதுங்கத்தான் பயம் வேர்விடுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டுதல் மாத்திரைக்கு முன்னால் இத்தகைய பேச்சு சிகிச்சைகளைத்தான் வைக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் கூலியை விட்டுவிட்டு வாரம் தவறாமல் கோவைக்குப் பஸ் ஏற எத்தனை பேரால் முடியும்? முடியாதவர் மாத்திரையில் தொடங்கட்டும், அதில் தப்பே இல்லை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்குவது மட்டும் வேண்டாம். அப்புறம், 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.