14 வருடத்தில் இரண்டு முறை விழுந்த தாழ்

கும்பகோணத்தில் எங்கள் அடகுக் கடைக்கு ரீலாக்கர் என்ற காவல் தாழ் வைத்த இரும்புப் பெட்டி ஒன்றை 2010-ல் வாங்கினோம். 14 வருடப் புழக்கத்தில் அந்த ரீலாக்கர் இரண்டு முறை விழுந்தது. ஒரு முறை திருடனை நிறுத்தியது, இன்னொரு முறை எங்களையே நிறுத்தியது. பெட்டி வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெட்டிக் கதவின் உள்பக்கம் பூட்டு திருகி வைக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பினால் பூட்டின் நாக்கு விலகும். அதன் பிறகுதான் கைப்பிடி கனமான கம்பிகளைப் பின்னுக்கு இழுக்கும். தொழில் தெரிந்த திருடன் பூட்டைத் திறக்க மெனக்கெட மாட்டான். சாவித் துவாரத்தில் உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்து, பூட்டையே கதவிலிருந்து பெயர்த்து உள்ளே தள்ளுவான். பூட்டு போனால் கம்பிகளைத் தடுக்க ஒன்றும் இருக்காது. ரீலாக்கர் இந்த இடத்துக்காகத்தான். ஸ்பிரிங் வைத்த ஒரு முளையைப் பூட்டின் பின்மூடி பிடித்து நிறுத்தியிருக்கும். மூடி பெயர்ந்த நொடியில் முளை பாய்ந்து கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்துவிடும். அதற்கப்புறம் சரியான சாவி இருந்தாலும் பயனில்லை.

2016 ஐப்பசியில், மழை கொட்டிய ஒரு ராத்திரி கடையை உடைத்தார்கள். ஷட்டரில் இரண்டு திண்டுக்கல் பூட்டு போட்டிருந்தோம். பூட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. நாதாங்கியை அறுத்துவிட்டு வந்திருந்தார்கள். பூட்டுக்குச் செலவழித்த நாங்கள் நாதாங்கியை யோசிக்கவே இல்லை. உள்ளே கல்லாவில் இருந்த சில்லறையை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு வந்திருக்கிறார்கள். கைப்பிடி ஒடிந்து தரையில் கிடந்தது, சாவித் துவாரம் நசுங்கிக் குழியாகியிருந்தது, கதவு மட்டும் அசையவில்லை.

ஒடிந்த கைப்பிடியைப் பார்த்து மட்டமான சரக்கு என்று நினைத்தேன். திருச்சியிலிருந்து வந்த மெக்கானிக்தான் விளக்கினார்: "தம்பி, அது ஒடியணும்னே செஞ்சது. ஒடியலேன்னா அவன் குழாயை மாட்டி நெம்பியிருப்பான், அந்த பலம் உள்ளே கம்பிக்குப் போயிருக்கும்."

பெட்டியைத் திறக்க அவருக்கு ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் அப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் செய்தி பரவி, நகை வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு நான்கு நாளில் சங்கிலியை மீட்க வேண்டிய ஒரு அம்மா வாசற்படியிலேயே அழுதார். "உள்ளே பத்திரமா இருக்கும்மா, கதவுதான் திறக்கலை" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் கதவு திறந்ததும் முதலில் அந்தச் சங்கிலியைத்தான் எடுத்துக் கொடுத்தோம்.

இந்த யோசனை பழசு. இங்கிலாந்தில் ஜெரமையா சப் 1818-லேயே கள்ளச்சாவி போட்டால் சிக்கிக்கொள்ளும் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் சாவி தூக்கும் லிவர் தகட்டை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகிவிடும். முதலில் அதை விடுவிக்கத் தனிச் சாவி வேண்டியிருந்தது; 1824-ல் மேம்படுத்திய பிறகு சொந்தக்காரர் சரியான சாவியையே எதிர்ப்பக்கம் திருப்பி விடுவித்துக்கொள்ளலாம். தன் பூட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். 1851-ல் லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு நிபுணர் ஹாப்ஸ் அதையும் திறந்து காட்டினார். எங்கள் பெட்டியில் அந்த விடுவிப்பு கிடையாது. விழுந்தால் விழுந்ததுதான், துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடித்து உடைப்பதற்கு எதிரான காவலுக்கு அதுதான் சரி என்பது என் முடிவு. சொந்தக்காரன் வெளியிலிருந்து விடுவிக்க ஒரு வழி இருந்தால், அதே வழி திருடனுக்கும் இருக்கும்.

ஆனால் இதற்கு விலை உண்டு என்று 2021-ல் தெரிந்தது. ஒரு காலையில் சாவி முழுசாகத் திரும்பியது, கைப்பிடி நகரவில்லை. யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. அதே மெக்கானிக் வந்து கேட்ட முதல் கேள்வி: "கதவை அடிச்சுச் சாத்துவீங்களா?" ஆமாம், தினமும் அப்படித்தான். அந்த அதிர்ச்சியில் பூட்டு மூடியின் திருகுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 2016-க்குப் பிறகு மாட்டிய புதுப் பூட்டின் மூடி விலகி, முளை தானாக விழுந்திருக்கிறது. பெட்டி விற்றவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடத்துக்கு ஒரு முறை திருகுகளைப் பார்க்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் கடை நின்றது.

இப்போது கதவைக் கையால் தள்ளி மெதுவாகத்தான் சாத்துகிறோம். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மெக்கானிக் வந்து திருகுகளை இறுக்கி, பசை வைத்துவிட்டுப் போகிறார். ஷட்டருக்கும் தடித்த எஃகு நாதாங்கி வந்துவிட்டது.

அடுத்த பெட்டி வாங்குவதற்கு முன் ரீலாக்கர் எத்தனை, எது எதற்கு விழும் என்று கேட்கப்போகிறேன். கேஸ் கட்டரின் சூட்டில் உருகி முளையை விடும் இணைப்பு இருக்கிறதா என்றும் கேட்பேன். சோதனைச் சான்றையும் பார்ப்பேன். டிஎல்-30 என்ற சோதனைத் தரம் என்றால் கருவி பெட்டியில் வேலை செய்யும் நேரத்தை மட்டும் எண்ணி 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். கருவி மாற்றும் நேரமும் மூச்சு வாங்கும் நேரமும் அதில் சேராது. கண்ணாடித் தகடு வைத்த வகை என் மனதில் இருக்கிறது. துளை போட்டால் தகடு நொறுங்கும், அது இழுத்துப் பிடித்திருந்த மெல்லிய ஒயர்கள் தளர்ந்து பல இடங்களில் முளைகள் ஒரே நேரத்தில் பாயும். இடம் மாற்றும்போது பெட்டி கீழே விழுந்தாலும் அந்தத் தகடு உடையலாம் என்பதால் அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.