டெஸ்ட்டிஸ்க்ங்கிற டேட்டா ரெக்கவரி சாஃப்ட்வேர்: பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா என் ஹார்ட்டிஸ்க்க திருப்பிக் குடுத்துச்சு

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சுல்ல, நம்ம லேப்டாப் எட்டாவது ஜெனரேஷன் ஐ5, விண்டோஸ் 11 தாராளமா ஏறும், கடையில குடுத்தா 800 ரூபா கேப்பாங்க நாமளே போட்டுக்கலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம் பிரியாணி சாப்ட்ட தெம்புல உக்காந்தேன். அங்க புடிச்சுது சனி.

லேப்டாப்ல ரெண்டு டிஸ்க் இருக்கு. வாங்கும்போதே வந்த 1 டிபி ஹார்ட்டிஸ்க், அப்புறமா போட்ட 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் எஸ்எஸ்டில, மத்த எல்லாம் ஹார்ட்டிஸ்க்ல, அக்கா கல்யாண போட்டோவுல இருந்து அப்பா ஸ்கேன் பண்ணி வைக்கச் சொன்ன வீட்டுப் பத்திரம் வரைக்கும். யூட்யூப்ல ஒரு தம்பி சொன்னபடி இன்ஸ்டாலர்ல ஷிஃப்ட் எஃப்10 அமுக்கி டிஸ்க்பார்ட்ங்கிற டிஸ்க்க பிரிக்கிற டூல் உள்ள போயி டிஸ்க் 0 செலக்ட் பண்ணி, க்ளீன்னு டிஸ்க்க காலி பண்ற கமாண்ட அடிச்சு, கன்வர்ட் ஜிபிடின்னு பார்ட்டிஷன் டேபிள ஜிபிடி வகைக்கு மாத்துற கமாண்டையும் அடிச்சுட்டேன். அந்தத் தம்பி லேப்டாப்ல இருந்தது ஒரே ஒரு டிஸ்க்குங்கிறது எனக்கு உறைக்கல. திரும்ப வந்து பாத்தா அன்அலகேட்டட் ஸ்பேஸ், அதாவது பிரிக்காத காலி எடம், 931 ஜிபின்னு காட்டுது. 256 ஜிபி டிஸ்க்க அழிச்சா எப்படிடா 931 வரும், அது அந்த 1 டிபி ஹார்ட்டிஸ்க்காச்சேன்னு யோசிச்ச அந்த செகண்ட் வயித்துல புளியக் கரைச்சுது பாருங்க, அத எழுத்துல சொல்ல முடியாது.

பவர் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணேன். பழைய விண்டோஸாவது இருக்கும்ல, அது எஸ்எஸ்டில தானன்னு ஆன் பண்ணா பூட் டிவைஸே இல்லைங்குது. எஸ்எஸ்டி போட்டவங்க பூட் பார்ட்டிஷன, அதாவது லேப்டாப்ப எழுப்பி விடுற அந்த டிஸ்க் பகுதிய, பழைய ஹார்ட்டிஸ்க்லயே விட்டு வச்சிருக்காங்க, அது எனக்கு அன்னிக்குதான் தெரியும். ஆக ஒரே கமாண்டுல டேட்டாவும் போச்சு லேப்டாப்பும் போச்சு.

மறுநாள் ஒரு கடையில கேட்டேன், டேட்டா ரெக்கவரி 15,000 ஆகும் கேரண்டி கெடையாதுன்னாரு. இன்னொரு கடையில, போனது போனதுதான் சார் புதுசா ஓஎஸ் போட்டுத் தரேன்னு ஸ்க்ரூ டிரைவரையே எடுத்துட்டாரு. நல்லவேள குடுக்கல.

நைட்டு சித்தி பொண்ணுகிட்ட பொலம்புனப்ப அவதான் கேட்டா, "அண்ணா, க்ளீன் மட்டும் அடிச்சியா இல்ல க்ளீன் ஆல் அடிச்சியா?" இந்த ஒரு கேள்வியிலதான் எல்லாமே இருக்கு. க்ளீன் ஆல் அடிச்சிருந்தா டிஸ்க் முழுக்க முட்டை போட்டிருக்கும், கத முடிஞ்சுது. வெறும் க்ளீன் வீட்ட இடிக்காது, பட்டாவ மட்டும் கிழிச்சுப் போடும், அதாவது எந்த பார்ட்டிஷன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுங்கிற டேபிள் மட்டும்தான் காலி, ஃபைலு பூரா போட்ட எடத்துலயே கெடக்கு. ஆனா அதுக்கு மேல புதுசா எதையாவது எழுதிட்டா அவ்ளோதான், அதனால ஃபார்மேட் பண்ணாத, எதுவும் இன்ஸ்டால் பண்ணாத, டெஸ்ட்டிஸ்க் ஓட்டுன்னா.

இப்பதான் ரிவ்யூக்கே வர்றேன், மன்னிச்சுக்கோங்க. டெஸ்ட்டிஸ்க் கிறிஸ்தோஃப் க்ரெனியேங்கிறவரு எழுதுனது, ஓப்பன் சோர்ஸ், பத்து பைசா கெடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுலயும் ஓடும். என் லேப்டாப்தான் பொணமா கெடக்கே, அதனால அவ லேப்டாப்ல சிஸ்டம்ரெஸ்க்யூங்கிற லினக்ஸ பென்டிரைவ்ல ஏத்துனோம், அதுல டெஸ்ட்டிஸ்க் கூடவே வருது, அந்த பென்டிரைவ வச்சுத்தான் என் லேப்டாப்ப எழுப்புனோம். (முதல்ல என் ஆபீஸ் லேப்டாப்லதான் ட்ரை பண்ணேன், அதுல யூஎஸ்பி போர்ட்டையே பிளாக் பண்ணி வச்சிருக்காங்க மகராசனுங்க.)

ஓப்பன் பண்ணா கருப்பு ஸ்க்ரீன்ல வெள்ளை எழுத்து, மவுஸ் வேலை செய்யாது, எல்லாம் ஆரோ கீயும் என்டரும்தான், ரயில்வே கவுண்டர் பழைய கம்ப்யூட்டர் மாதிரி இருக்கும். ஆனா அது வேலை செய்ற விதம் இருக்கே, அப்படியே சர்வேயர் வந்து நெலத்த அளக்குற மாதிரி. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் வகை பார்ட்டிஷன் ஒவ்வொன்னும் ஆரம்பத்துல பூட் செக்டர்னு தன்னப் பத்தின ஒரு குறிப்பு வச்சிருக்கும், கடைசியில அதுக்கு ஒரு காப்பியும் வச்சிருக்கும். பட்டா கிழிஞ்சாலும் வரப்புல எல்லைக்கல்லு நட்டது நட்டபடியே இருக்கும்ல, அந்தக் கல்லத் தேடிப் புடிச்சு இதுதான் உன் எடம்னு காட்டுது. டேபிள் டைப் கேக்கும்போது கீழயே இஎஃப்ஐ ஜிபிடி தெரியுதுன்னு ஹின்ட் குடுக்குது, அதையே செலக்ட் பண்ணுங்க, சொந்தப் புத்திய காட்டாதீங்க. அனலைஸ், அப்புறம் க்விக் சர்ச். 1 டிபி டிஸ்க்குக்கு 1,21,000 சில்லறை சிலிண்டர்னு (டிஸ்க்க துண்டு துண்டா எண்ணுற கணக்கு) எண்ணிக்கிட்டே போச்சு, எனக்கு பத்து நிமிஷத்துல பழைய பார்ட்டிஷன் எல்லாம் பச்சைக் கலர்ல வந்து நின்னுச்சு. அதுல கெடைக்கலைன்னா டீப்பர் சர்ச் இருக்கு, அது மணிக்கணக்கா ஓடுமாம், நான் அந்தப் பக்கம் போகல.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம், நீங்க ரைட் (கண்டுபுடிச்ச பார்ட்டிஷன் டேபிள டிஸ்க்ல எழுதுற ஆப்ஷன்) குடுக்குற வரைக்கும் டிஸ்க்க இது தொடவே தொடாது. பார்ட்டிஷன் மேல நின்னு பி அமுக்குனா உள்ள இருக்குற ஃபைல் லிஸ்ட் வருது. அக்கா கல்யாணம் ஃபோல்டர் பேரப் பாத்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு, சித்தி பொண்ணு சிரிச்சா. உடனே ரைட் குடுக்கப் போனேன், கையத் தட்டி விட்டா. மொதல்ல காப்பி எடு அண்ணான்னு ஃப்ரெண்டோட எக்ஸ்டர்னல் டிஸ்க்க சொருகி லினக்ஸ்ல மவுண்ட் பண்ணி, ஏ அமுக்கி எல்லாத்தையும் செலக்ட் பண்ணி, பெரிய சி அமுக்கி 340 ஜிபியும் காப்பி போட்டுட்டுப் படுத்தோம். சின்ன சி அமுக்குனா கர்சர் நிக்குற ஒன்னு மட்டும்தான் காப்பி ஆகும், இந்த வித்தியாசம் தெரியாம நான் அரை மணி நேரம் வீணாக்குனேன்.

காலைலதான் ரைட், ஒய், ரீஸ்டார்ட். பார்ட்டிஷன் எல்லாம் அந்தந்த எடத்துல வந்துருச்சு. ஆனா விண்டோஸ் உடனே பூட் ஆகல, இன்ஸ்டாலர் பென்டிரைவ்ல கமாண்ட் ப்ராம்ப்ட் எடுத்து இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு (அதான் அந்த பூட் பார்ட்டிஷன்) ஒரு டிரைவ் லெட்டர் குடுத்து, பூட் ஃபைல திருப்பிப் போடுற பிசிடிபூட் கமாண்ட ஓட்டுனதுக்கு அப்புறம்தான் பழைய வால்பேப்பர் வந்துச்சு. இது டெஸ்ட்டிஸ்க்கோட வேலை இல்ல, அதனால கொறை சொல்ல மாட்டேன்.

கொறைன்னு பாத்தா, லிஸ்ட்ல "டி", "பி" அப்படின்னு எழுத்து வந்தா அது டெலீட்டடா பிரைமரியான்னு புதுசா பாக்குறவனுக்கு ஒரு எழவும் புரியாது, தப்பான லிஸ்ட்டோட ரைட் குடுத்தா ஏன்டான்னு கேக்கவும் ஆள் கெடையாது. தெரிஞ்சவங்க ஒருத்தர பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணுங்க. எஸ்எஸ்டிய ஃபார்மேட் பண்ணி ட்ரிம் (எஸ்எஸ்டி தானா பழைய டேட்டாவ தொடச்சு விடுற வேலை) ஓடிருச்சுன்னா டேட்டாவே இருக்காது, இதாலயும் ஒன்னும் ஆகாது. பிட்லாக்கர்னு விண்டோஸோட பூட்டு போட்ட டிரைவுன்னா 48 டிஜிட் ரெக்கவரி கீ இல்லாம எந்த சாமி வந்தாலும் தெறக்காது, அத மொதல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போய் பாத்துக்கோங்க. டெஸ்ட்டிஸ்க் கூடவே வர்ற ஃபோட்டோரெக்ங்கிற இன்னொரு ரெக்கவரி டூல் கடைசி வழி மட்டும்தான், ஃபைல எடுத்துரும் ஆனா பேரு ஃபோல்டர் எதுவும் இருக்காது, பத்தாயிரம் போட்டோவ உக்காந்து பிரிக்கணும்.

என் மார்க் 5-க்கு 4.5. அந்த அர மார்க்கு என்ன பயமுறுத்துனதுக்கு.

அடுத்த ஞாயித்துக்கெழம ஹார்ட்டிஸ்க்க கழட்டி பீரோவுல வச்சுட்டு விண்டோஸ் 11 போட்டேன், நல்லா ஓடுது. பின்பக்கம் கழட்டுன ஸ்க்ரூவுல ஒன்னதான் இன்னும் தேடிட்டு இருக்கேன்.