முழு பாட் பெட் வந்தால் எதை விடலாம்: கிங் ஃப்ளஷ், டாப் செட், வெறும் ஸ்ட்ரெய்ட்

ஒமாஹா போக்கரில் (கையில் நான்கு சீட்டு, அவற்றில் இரண்டை மேசையின் மூன்றோடு சேர்க்க வேண்டும்) பாட் அளவு பெட்டை, அதாவது நடுவில் சேர்ந்த பணத்துக்குச் சமமான பந்தயத்தை, கால் செய்ய (அதே தொகை போட்டுத் தொடர) 33.3% வெற்றி வாய்ப்பு வேண்டும்: பாட்டில் 100, அவர் பெட் 100, உங்கள் 100, ஆக 100 போட்டு 300-ஐப் பிடிக்கும் கணக்கு. மூன்று கைகளையும் ஒரே ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) நிறுத்திப் பார்ப்போம். ஜாக் ஹார்ட், பத்து ஹார்ட், ஒன்பது ஸ்பேட்.

கிங் ஃப்ளஷ்ஷை (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, உங்கள் உயர்ந்தது கிங்) விடுவதுதான் சுலபம். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) ஹார்ட் நான்கு, ரிவரில் (ஐந்தாவது, கடைசி) கிளாவர் இரண்டு. எதிராளி முழு பாட் போடுகிறார். குயின் ஃப்ளஷ்ஷோ ஸ்ட்ரெய்ட்டோ (வரிசையான ஐந்து சீட்டு) வைத்திருப்பவர் இவ்வளவு போடுவது அபூர்வம். மிஞ்சுவது ஏஸ் ஃப்ளஷ், அல்லது ஹார்ட் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்து ப்ளஃப் அடிப்பவர். அப்படி அடிக்கக்கூடியவர் என்று தெரிந்தால், அதுவும் எதிரே ஒருவர்தான் என்றால், கால். இல்லையேல் ஃபோல்ட், கையை விடுங்கள்.

மூன்று ஜாக் உள்ள டாப் செட்டுக்கு (கையில் இரண்டு, மேசையில் ஒன்று) விடை ஸ்டாக்கில், அதாவது மீதமுள்ள பணத்தில், இருக்கிறது. எதிரே கிங்-குயின் ஸ்ட்ரெய்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஹவுஸ் போல ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் கை ஆக டர்னில் 7 சீட்டு உதவும், அது தவறினால் ரிவரில் 10. இரண்டு தெருவும் (டர்ன், ரிவர்) சேர்த்து சுமார் 35%. எதிராளியின் கடைசிப் பணமே அந்த 100 என்றால் மயிரிழையில் கால் செய்யலாம். பின்னால் பணம் நிறைய இருந்தால் டர்னுக்கு 45-இல் 7, அதாவது 15.6% மட்டுமே. தவறியபின் 300 பெட் வந்தால் 44-இல் 10, 22.7%, விட்டுத்தான் ஆக வேண்டும். போர்டு ஜோடியானதும் (மேசையில் ஒரே எண் இருமுறை வந்ததும்) ஸ்ட்ரெய்ட்காரர் கையை இறுக்கிக்கொள்வார் என்பதால் பின்னால் கிடைக்கும் பணத்தையும் நம்ப முடியாது.

கடினமானது வெறும் கிங்-குயின் ஸ்ட்ரெய்ட். மற்ற இரண்டு சீட்டும் உதவாதவை. ஃப்ளாப்பில் இப்போது இதுதான் நட்ஸ் (முடிந்ததில் மிக உயர்ந்த கை), அதனாலேயே யாருக்கும் விட மனம் வராது. எதிராளியிடமும் அதே ஸ்ட்ரெய்ட், கூடவே இரண்டு ஹார்ட் என்றால்? ஃப்ளஷ் விழும் சுமார் 40% நேரம் பாட் முழுவதும் அவருக்கு. மற்ற நேரம் பாதிப் பாதி. உங்கள் பங்கு சுமார் 30%, தேவைக்குக் கீழே. அவரிடம் வெறும் செட் என்றாலோ உங்களுக்கு 65%. ஒரு பாட் அளவே பணம் மிச்சம் என்றால் செட்டும் அதே அளவு சாத்தியம், ஆகவே கால். ஆழமான ஸ்டாக்கில் நீங்கள் ரெய்ஸ் செய்து (பெட்டை உயர்த்தி) அவர் மீண்டும் முழு பாட் ஏற்றினால், வெறும் செட்காரர் அநேகமாக ஏற்கெனவே விலகியிருப்பார். அங்கே நட்ஸையே மடியுங்கள். மூன்றாமவரும் செட்டோடு உள்ளே இருந்தால் ஹார்ட் வந்தாலும் அடி, போர்டு ஜோடியானாலும் அடி.