டாப்ளருக்குப் பணம் வாங்கினார்கள், டாப்ளர் பார்க்கவில்லை: விதைப்பை வீக்கத்துக்கு ஸ்கேன் எடுக்கப்போகிறவர்களுக்கு

விதைப்பை வீங்கிச் சிவந்து காய்ச்சலும் அடிக்கும்போது, வெறுமனே ‘தொற்று’ என்று எழுதிய ஸ்கேன் அறிக்கையோடு வீடு திரும்பிவிடாதீர்கள். ஒரு தனியார் ஸ்கேன் நிலையம் எனக்கு அப்படி ஓர் ஒற்றை வரியைத்தான் கொடுத்தது. தொற்று விதைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயிலா, விதையிலேயேவா, சீழ் கட்டியிருக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடை இல்லை. அதை வைத்து எழுதிக்கொடுக்கப்பட்ட ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. வீக்கம் இறுகி, கால் அகட்டாமல் நடக்க முடியாத நிலைக்கு வந்தேன்.

அடுத்து நான் சென்ற கதிரியல் மருத்துவர் பழைய படங்களைப் பார்த்ததுமே, இவை வயிற்று ஸ்கேனுக்கான வளைந்த முகமுள்ள புரோபால் (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கைக்கருவியால்) எடுக்கப்பட்டவை என்றும், வலியில்லாத பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்லை என்றும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையைப் போட்டதற்கான தடயமே எதிலும் இல்லை என்றும் சொன்னார். என் கையிலிருந்த ரசீதிலோ ‘கலர் டாப்ளர்’ என்று அச்சிட்டு அதற்கும் சேர்த்தே கட்டணம் வாங்கியிருந்தார்கள்.

அவர் மடித்த துண்டொன்றை விதைப்பைக்கு அடியில் கொடுத்து, தட்டையான முகமுள்ள, அதிக அதிர்வெண் கொண்ட புரோபால் முதலில் நல்ல பக்கத்தைப் பார்த்தார். அந்தப் பக்கத்தின் ரத்த ஓட்டம்தான் அளவுகோல் என்று விளக்கினார். எபிடிடிமிஸில் தொற்று என்றால் அது பருத்து, அதில் ரத்த ஓட்டம் மிகும். விதைக்கும் பரவியிருந்தால் அங்கும் அவ்வாறே. சீழ்க்கட்டியாக இருந்தால் நடுவில் ஓட்டம் இருக்காது, விளிம்பில் மட்டும் தெரியும். தோலுக்கு அடியில் காற்று தெரிந்தால் உயிருக்கே ஆபத்தான ஃபோர்னியர் அழுகலாக இருக்கலாம். இவற்றையெல்லாம்விட என்னைத் திடுக்கிட வைத்தது, விதை முறுக்கிக்கொண்டாலும் இதே வலியும் வீக்கமும் வரலாம் என்பது. அப்போது ஓட்டம் குறைந்தோ நின்றோ போயிருக்கும், வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். டாப்ளர் இல்லாத ஸ்கேனில் இந்த வேறுபாட்டை நம்பிச் சொல்ல முடியாது.

எனக்கு இருந்தது பையோசீல், அதாவது விதையைச் சுற்றிய உறைக்குள் சீழ் தேங்குவது. அந்த உறைக்குள் துகள்கள் மிதக்கும் கலங்கிய திரவமும் குறுக்கே மெல்லிய தடுப்புகளும் திரையில் எனக்கே தெரிந்தன. மாத்திரை மட்டும் போதாது என்று அன்றே மருத்துவமனையில் சேர்த்து, அறுவை செய்து சீழை வெளியேற்றினார்கள். வீக்கம் முற்றிலும் வடிந்தபின் மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தொற்றின் மறைவில் புற்றுக்கட்டி இருந்தால் அப்போதுதான் தெளிவாகப் பிடிபடுமாம்.

முதல் நிலையத்தில் ரசீதையும் படங்களையும் மேசையில் வைத்துக் கேட்டபோது, ‘தொற்று என்று எழுதினோம், தொற்றுதானே இருந்தது’ என்றார்கள். டாப்ளர் படத்தைக் காட்டுங்கள் என்றதற்கு, கணினியில் சேமிக்கவில்லை என்று பதில் வந்தது. அதையே எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் தரவில்லை.